இருபத்து மூன்றாவது பெட்டி

மூன்றாம் முறை எண்ணியபோதும் இருபத்து மூன்றுதான் வந்தது.

ஒன்று குறைந்திருந்தால் மேஸ்திரி இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். குறைந்ததைத் தேடிப் போகலாம். கிடைக்காவிட்டால் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். கூடியது அப்படியல்ல. இங்கே ஒன்று கூடியிருக்கிறது என்றால் வேறெங்கோ ஒன்று குறைந்திருக்கிறது. இந்த நேரத்தில் ஏதோ ஒரு வீட்டில் யாரோ இடுப்பில் கைவைத்து நின்று, அந்த மேஸ்திரிதானே ஏற்றினான் என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

முப்பத்தோரு வருஷமாக அவர் பிறர் வீட்டுச் சாமானைத் தூக்குகிறவர். வீடு மாற்றித் தரும் கம்பெனியில் முதல் பதினேழு வருஷம் முதுகால் தூக்கினார். மேஸ்திரியான பிறகு பாதி முதுகாலும் பாதி வாயாலும். இத்தனை வருஷத்தில் அவர் கையில் ஒரு பெட்டி தொலைந்ததில்லை. அதற்கு அவர் வைத்திருந்த சட்டம் இரண்டே. பெட்டி வாசலைத் தாண்டுமுன் அதன் இடது கீழ்மூலையில் சாக்பீஸால் எண் போட வேண்டும். பிறர் பெட்டியை, உள்ளே தீப்பிடித்திருந்தாலும், திறக்கக் கூடாது. ஒரு தடவை அவரிடம் வேலை பார்த்த லோடுமேன் ஒருவன் கிழிந்த பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டான். பார்த்தது பழைய செருப்பு. போனது வேலை.

இன்று மாறியது அவருடைய சொந்த வீடு. அதில்தான் பிசகிவிட்டது.

பிசகு கண்ணாடியால் வந்தது. ஆளுயரக் கண்ணாடியை லாரியில் ஏற்றவே மாட்டார். கையில்தான் போக வேண்டும் என்பார். பீரோக் கண்ணாடியைக் கழற்றிப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். போர்வை பாதி வழியில் நழுவியது. ஏறின ஆள் ஒவ்வொருவரும் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள். ஒருவர் மீசையைக்கூடக் கத்தரித்துக்கொண்டார். அவர் வந்து சேர்வதற்குள் கம்பெனியின் சின்ன லாரி வந்து, அவருடைய ஆட்களே சாமானை இரண்டாம் மாடிக்கு ஏற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். டிரைவரும் மலைப்பக்கம் லோடு இருக்கிறதென்று கிளம்பிவிட்டான். கட்டிலின் போல்ட்டு நட்டெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு லாரிக்குள் ஆணியில் மாட்டியிருந்தார். பையும் மலைக்குப் போய்விட்டது. வாசலில் நின்று எண்ணாமல் ஒரு வீட்டுச் சாமான் இறங்கியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதுவும் சொந்தச் சாமான்.

எண் இல்லாத அந்தப் பெட்டி ஜன்னலடியில் இருந்தது. முட்டி உயரம். கயிறு கட்டியிருந்த முடிச்சை மேஸ்திரி குனிந்து பார்த்தார். இரண்டு சுற்று, ஒரு கண்ணி, வால் இடதுபக்கம். எவ்வளவு ஆட்டினாலும் இறுகும்; வாலைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் விட்டுவிடும். அது அவருடைய முடிச்சு. அவர் கண்டுபிடித்து, அவருடைய ஆட்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தது. ஆக, கம்பெனி வாடிக்கையாளர் யாருடையதோதான். இதில் சந்தேகமே இல்லை. வீட்டுப் பெட்டிகளில் பாதியை மனைவி கட்டிவைத்திருந்தாள். அவள் வேலைக்குப் போனதும் அவர் எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் அவிழ்த்துத் தானே மறுபடி கட்டினார். தொழில் தெரியாதவர் கட்டு நிற்காது என்பது அவர் எண்ணம்.

தூக்கிப் பார்த்தார். சாதாரணமாக அது போதும். கை சொல்லிவிடும்: இது புத்தகம், இது பாத்திரம், இது துணிக்குள் ஒளித்துவைத்த இஸ்திரிப்பெட்டி. இதைத் தூக்கியபோது கைக்கு ஒன்றும் புரியவில்லை. எட்டு ஒன்பது கிலோ. ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு. நடுவில் எதுவுமே இல்லாதது போலத் தொளதொளவென்று இருந்தது. சாய்த்துப் பார்த்தார்.

பெட்டி முனகியது.

ஒரு நீண்ட, சலித்துப்போன முனகல். மேஸ்திரி அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் தூக்காத சாமான் இல்லை. எதுவும் மூச்சு விட்டதில்லை.

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் அதை மறைத்தாக வேண்டும். இந்த வீட்டைப் பற்றி அவளிடம் அவர் பேசின பேச்சு அப்படி. ஊரில் எத்தனை பேருக்கு வீடு மாற்றியிருக்கிறேன், நம்ம வீட்டை மாற்றுகிறபோது ஒரு ஊசி இடம் மாறாது பார் என்றிருந்தார். கட்டில் ஏற்கெனவே நான்கு துண்டாகச் சுவரில் சாய்ந்து நின்று அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. நாற்காலி மேல் ஏறிப் பெட்டியை அடுப்படிப் பரணில் தள்ளினார். கடைசித் தள்ளில் அது மறுபடி முனகியதும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஒன்றாக நடந்தன.

"என்னங்க அது சத்தம்?"

"இடுப்பு."

"இடுப்பா? அவ்வளவு நீளமாவா?"

"வயசாகுதில்ல."

அவள் அவரைக் கீழே இறக்கி, குப்புறப் படுக்கவைத்து, தைலம் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே எல்லாப் பெட்டியும் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

"வந்துடுச்சு. இருபத்திரண்டு."

தேய்த்த கை நின்றது. "இருபத்திரண்டுதானா?"

"ஏன், எத்தனை வரணும்?"

"இல்ல. சும்மா கேட்டேன்." சற்று நேரம் கழித்து, டிரைவர் போகும்போது எதுவும் சொன்னானா என்றாள். போல்ட்டையே கொடுக்காமல் போனவன் என்னத்தைச் சொல்வான் என்று இவர் தலையணைக்குள் முகத்தை வைத்தபடி சொன்னார். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மேஸ்திரிக்கு அது பயமாக இருந்தது. வாசனை பிடித்துவிட்டாள் என்று நினைத்தார்.

பேசாமல் இருப்பது அவளுக்குப் புதிதல்ல. பழைய வீடு ஒரே அறை. பெரிய லாரிகளை ஊருக்குள் ராத்திரிதான் விடுவார்கள் என்பதால் அவருக்கு வேலை ராத்திரி, தூக்கம் பகலில். கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு அவர் தூங்க, அவள் அதே அறையில் நுனிக்காலில் நடந்து சமைத்தாள். தட்டுக்கு மேல் தட்டு வைத்தால் சத்தம் வராமல் வைக்கத் தெரிந்தவள். கல்யாணமான புதிதில் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு காய் நறுக்கினாள். மனுசன் தூங்க வேண்டாமா என்று இவர் ஒரு தடவை கத்தினார். ஒரே தடவைதான், அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது எல்லாம் மாறப்போகிறது. ஒன்றாம் தேதியிலிருந்து அவருக்குக் கம்பெனி ஸ்டோரில் பகல் வேலை. முதலாளியே சாவியைக் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். வீடும் இரண்டு அறை, நடுவில் மூடுகிற கதவு. வீட்டைப் பார்க்க வந்த அன்று அவள் அந்தக் கதவை நாலு தடவை திறந்து மூடினாள். அப்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை மேஸ்திரி பார்த்தார். இந்த வீட்டில் அவள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. அதனால் சாமானை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்ப்பேன் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமையெல்லாம் இனி லீவுதானே, என்ன பண்ணப் போறீங்க?" என்று அன்று கேட்டாள்.

"தூங்குவேன்."

"பொழுதுபோக்குன்னு எதாவது வச்சுக்கலாமில்ல?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். பொழுதுபோக்கு என்ன என்று அவருக்குத் தெரியாததா? மீன்தொட்டி தூக்கியிருக்கிறார். ஒருத்தர் சேர்த்துவைத்த கூழாங்கல் பதினோரு பெட்டி தூக்கியிருக்கிறார். நாலு ஆளோடு சேர்ந்து பியானோவை மூன்றாம் மாடிக்கு ஏற்றியிருக்கிறார்; அதில் ஒருத்தன் இன்னும் நிமிரவில்லை. "அவங்க பொழுதுபோக்கு, நம்ம முதுகுவலி. நமக்கெதுக்கு அதெல்லாம்?" என்றார். அவள் கதவை ஐந்தாம் தடவை மூடிப் பார்த்தாள்.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் அவள் தேட ஆரம்பித்தாள்.

தேடுகிறேன் என்று சொல்லவில்லை. துடைக்கிறேன் என்றாள். ஆனால் கட்டிலுக்குப் பின்னால் துடைக்கிறவள் குனிந்து பார்ப்பானேன்? இருபத்திரண்டு பெட்டியையும் மத்தியானத்துக்குள் திறந்து கொட்டினாள். நடுநடுவே யாருக்கோ போன் போட்டாள். மணி அடிக்கவில்லை போல. யாருக்கு என்றால் வேலை இடத்தில் ஒருத்தருக்கு என்றாள்.

அவள் அடுப்படியைத் துடைக்க நாற்காலியை இழுத்தபோது மேஸ்திரி முந்திக்கொண்டார். பரண் தூசியை நானே தட்டுகிறேன், நீ போய் ஜன்னலைத் துடை என்று அனுப்பிவிட்டுப் பெட்டியை இறக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனார். வழியில் அது முனகியது. ஜன்னல் பக்கமிருந்து, "மறுபடியும் இடுப்பா?" என்று குரல் வந்தது. ஆமாம் என்றார். அவள் குளியலறைக்குத் துணி அலச வந்தாள். அதற்குள் பெட்டி கட்டில் துண்டுகளுக்குப் பின்னால். கட்டில் பக்கம் வந்தாள். பெட்டி போர்வைக்குள் சுருண்டு வாசலில். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஒரு முனகல். ஒவ்வொரு முனகலுக்கும் அவள் ஒரு வைத்தியம். சாயங்காலம் பெட்டி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது, மேஸ்திரியின் இடுப்பில் தைலம், அதன் மேல் துணிக்கட்டு, அதன் மேல் வெந்நீர்ப் பை. மொட்டைமாடிக்குப் படி ஏறி இறங்கியதில் இடுப்பு நிஜமாகவே வலிக்க ஆரம்பித்திருந்தது. ஆனால் உண்மையான வலிக்கு அவரால் அந்த முனகலின் பாதிகூட முனக முடியவில்லை.

"பெட்டிக்கு எண் போடுறவர், இடுப்புக்கும் போட்டு வச்சிருந்தா எத்தனாவது வலின்னாச்சும் தெரியும்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனதும் அவர் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார். வெள்ளிக்கிழமை அதே லாரியில் ஒரு தலைமை ஆசிரியை வீட்டை மாற்றியிருந்தார்கள். நாற்பது பெட்டி. அந்த அம்மாவுடையது ஒன்று லாரியில் தங்கியிருக்க வேண்டும். வேறு வழியில்லை.

தலைமை ஆசிரியை ஓய்வுபெற்றவர். ஆனால் பள்ளிக்கூடம்தான் அவரை விட்டிருந்தது, அவர் விடவில்லை. மேஸ்திரியை நிற்கவைத்து, தான் பூப்போட்ட துணி விரித்த ஒரு குட்டை ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டார். இது என்னுடையது இல்லை, என் பெட்டியில் எல்லாம் பேர் எழுதி ஒட்டியிருப்பேன் என்றார். மேஸ்திரி நன்றி சொல்லித் திரும்பினார்.

"இருப்பா. எதுக்கும் என்னோடத எண்ணிடறேன்."

எண்ணினார். உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலை நீட்டி நீட்டி எண்ணினார். முப்பத்தொன்பது.

"நான் நிம்மதியா இருந்தேன்" என்றார் தலைமை ஆசிரியை. "நீயா வந்து கிளப்பினதாலதான் எண்ணினேன். ஒண்ணு குறையுது. என் போட்டோ ஆல்பம் எல்லாம் அதுலதான் இருக்கு. எங்க அது?"

மேஸ்திரி தன் கையால் நாற்பது எண்ணி இறக்கியதைச் சொன்னார். அப்படியானால் கைக்கு வந்தது காலால் நடந்துபோனதா என்று அந்த அம்மா கேட்டார். போகும்போது ஒரு பெட்டி கூடுதலாக இருந்த ஆள், திரும்பும்போது ஒன்று கூடுதல் ஒன்று குறைவு என்று இரண்டு பழியோடு வந்தார். சைக்கிள் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் பின்னால் பெட்டி முனகியது. இந்தத் தடவை அவருக்கும் அதேபோல் முனக வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் முதலாளியின் போன். அவர் கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

"மேஸ்திரி, ஒண்ணாம் தேதி ஸ்டோர் சாவியை உங்ககிட்ட கொடுக்கணும்னு இருந்தேன். முதல்ல அந்தம்மா பெட்டியைக் கண்டுபிடிங்க. அப்புறம் பேசலாம்."

அன்று மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. ஜன்னலடியை, பெட்டி முதலில் இருந்த அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீடு பிடிக்கலையா?" என்று மேஸ்திரி கேட்டார். இப்படி ஒரு கேள்வியை அவர் அவளிடம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"பிடிக்காம என்ன. கதவெல்லாம் நல்லா மூடுது." கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னாள்: "ஆனா பழைய வீடே பரவாயில்ல போல இருக்கு. அங்க எனக்குன்னு கொஞ்ச நேரம் இருந்துச்சு."

பழைய வீட்டில் அவளுக்கு என்ன நேரம் இருந்தது? காலையில் எழுந்து சமைத்துவிட்டுப் பதினேழாம் நம்பர் பஸ் ஏறி ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கப் போவாள், பொழுதுசாய வருவாள். எந்தப் பள்ளிக்கூடம், என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அவர் கேட்டதில்லை. பிறர் பெட்டிக்குள் பார்க்கக் கூடாது என்று பழகிய கண் அது. மேஸ்திரி பாயில் படுத்து யோசித்தார். ஒரு பெட்டி விஷயம் அவளுக்குத் தெரிந்துபோய்விட்டது, தன் புருஷன் கை சுத்தம் என்று நம்பியிருந்தவள், அதைச் சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருக்கிறாள். இதைத் தவிர வேறொன்றும் அவருக்குத் தோன்றவில்லை. நாளைக்குள் உடையவனைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று முடிவுசெய்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் பஸ் ஏறியதும், மாடிப்படிச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார். யாராவது இந்தக் கட்டடத்துக்கே புதிதாகக் குடிவந்தவர்களாக இருக்கலாம். லாரி மாறி ஏறியிருக்கலாம். தாளில் இப்படி எழுதியிருந்தார்: "ஒரு பெட்டி வந்துள்ளது. உள்ளே என்ன இருக்கிறது என்று சரியாகச் சொல்பவர் பெற்றுக்கொள்ளலாம். இரண்டாம் மாடி, மேஸ்திரி."

ஒட்டிவிட்டு மேலே வந்து, மொட்டைமாடியிலிருந்து பெட்டியை இறக்கி முன்னறை நடுவில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. உள்ளே என்ன என்று அவருக்கே தெரியாது. சொல்கிறவன் சரியாகச் சொல்கிறானா என்று எப்படிப் பார்ப்பது?

தாளைக் கிழிக்க எழுந்தார். அதற்குள் கீழ்வீட்டுக் குமாஸ்தா வந்துவிட்டார்.

"புத்தகம்" என்றார் குமாஸ்தா.

மேஸ்திரி பெட்டியைச் சற்றுத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். "புத்தகம் இல்லைங்க. புத்தகம் இப்படித் தளும்பாது."

"அப்போ பாத்திரம்."

"சத்தம் வேற."

"துணி."

"சார், இது உங்களோடதா, இல்ல விடுகதையா?"

குமாஸ்தா கோபித்துக்கொள்ளவில்லை. ஓய்வு நேரத்தில் குறுக்கெழுத்துப் போடுகிறவராம். ஒரு துப்பு கொடுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மேஸ்திரிக்கு நாலு நாளாக யாரிடமாவது சொன்னால் தேவலை போலிருந்தது. "மூச்சு விடுது" என்று சொல்லிவிட்டார்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. வாசலில் மேல்வீட்டு அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் வீட்டில் ஆறு பூனை. சனிக்கிழமையிலிருந்து ஐந்து.

"மூச்சு விடுதா?" என்றாள். "எப்படி விடுது?"

மேஸ்திரி பெட்டியைச் சாய்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் பதறி எழுந்ததில் கால் பட்டு அதுவே சாய்ந்தது. நாலு நாள் அலைச்சல் முழுவதையும் சேர்த்துவைத்து முனகியது போலிருந்தது. ஆரம்பத்தில் மெலிதாக, பிறகு கனத்து, கடைசியில் ஒரு விக்கலோடு.

"என் மூத்தது" என்றாள் மேல்வீட்டு அம்மா, கன்னத்தில் கைவைத்து. "அதோட குரல்தான். நாலு நாளா உள்ள போட்டு அடைச்சிருக்கான் மனுசன்."

அதற்குப் பிறகு கட்டடத்தில் வீட்டில் இருந்தவர்கள் எல்லாரும் மேஸ்திரி வீட்டு முன்னறைக்கு வந்து சேரக் கால்மணி நேரம் ஆகவில்லை. ஒருவர் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். ஒருவர் கிண்ணத்தில் பால் கொண்டுவந்தார். பூனை எட்டு ஒன்பது கிலோ இருக்காது என்று மேஸ்திரி சொல்லிப் பார்த்தார். என் மூத்தது இருக்கும் என்றாள் அந்த அம்மா. திறந்து காட்டு, இல்லையென்றால் போலீஸ் என்றார்கள்.

மேஸ்திரி பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். பெட்டி அவருக்கடியில் ஒரு முனகல் முனகியது. கூட்டம் முழுக்க, "ஐயோ பாவம்" என்றது.

"திறக்க மாட்டேன்" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "பூனையா இருக்காது. இருந்தாலும் இது என்னோடது இல்ல. முப்பத்தோரு வருஷமா ஊர் சாமானைத் தூக்கறேன். என்கிட்ட ஒண்ணும் கிடையாது. படிப்பு கிடையாது, காசு கிடையாது. அடுத்தவங்க பெட்டியை இவன் திறக்க மாட்டான்கிற பேர் ஒண்ணுதான் இருக்கு. உடையவங்க வந்து திறக்கட்டும்."

குமாஸ்தா கத்தரிக்கோலை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மேஸ்திரியின் போன் அடித்தது. தலைமை ஆசிரியை. நாற்பதாவது பெட்டி கிடைத்துவிட்டதாம். துணி விரித்து உட்கார்ந்திருந்தாரே, அதுதானாம். ஸ்டூல் ஏன் உள்ளே அமுங்குகிறது என்று இன்று காலையில்தான் சந்தேகம் வந்ததாம். உங்கள் முதலாளியிடம் சொல்லிவிட்டேன், ஒன்றாம் தேதி வரச் சொன்னார் என்றார். மேஸ்திரி போனை மடியில் வைத்துக்கொண்டு பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். சாவி கிடைத்துவிட்டது. ஆனால் அடியில் இருக்கிற இது?

"என்னங்க இது கூட்டம்?"

மனைவி வாசலில் நின்றாள். வேலையிலிருந்து பாதியில் வந்திருந்தாள். பையைத் தோளில் மாட்டியபடியே. கூட்டம் விலகியது. அவள் முதலில் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள். நாலு நாளாகக் காணாமல்போன வெளிச்சம் முகத்தில் மெல்ல ஏறியதை மேஸ்திரி கவனித்தார். கோபத்தால் சிவக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

"உன்கிட்ட மறைச்சிட்டேன்" என்றார். "எண்ணிக்கையில தப்பு பண்ணிட்டேன். இருபத்து மூணு. இது யாரோடதுன்னு தெரியல. அதான் பரண்ல, குளியலறையில, மொட்டைமாடியில..."

"அப்போ அந்த இடுப்பு?"

"இதுதான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது.

"எழுந்திரிங்க."

"தொடாத. அடுத்தவங்க—"

"எழுந்திரிங்கன்னா."

எழுந்தார். அவள் குனிந்தாள். எந்த நுனியை இழுக்க வேண்டும் என்று அவள் தேடவில்லை. இடதுபக்கத்து வாலைப் பிடித்து ஒரே இழுப்பு. கயிறு தரையில் விழுந்தது. மூடியைத் திறந்து, பழைய சேலைச் சுற்றலை விலக்கி, உள்ளே இருந்ததை இரண்டு கையாலும் தூக்கினாள். கறுப்புப் பெட்டி இரண்டு, நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி, ஒரு பக்கம் வெள்ளைக் கட்டைகள், ஒரு பக்கம் பொத்தான்கள். தோல்வாரில் தையல் விட்ட இடத்தில் நூலால் தைத்திருந்தது. தூக்கியதும் துருத்தி விரிந்து, எல்லாருக்கும் பழக்கமான அந்த முனகலை முனகியது.

"அக்கார்டியன்" என்றார் குமாஸ்தா, கட்டம் நிரம்பிய திருப்தியோடு. மேல்வீட்டு அம்மா பால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். மேலே அவள் வீட்டு வாசலில் ஏதோ ஒன்று கதவைப் பிராண்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் எல்லாருக்கும் கேட்டது.

மேஸ்திரிக்குப் பெரிய பாரம் இறங்கியது. "பாத்தியா, நான் சொல்லல? பாட்டு வாத்தியார் யாரோடதோ" என்றார். "கீழ வை, பத்திரம். அவங்க சாப்பாடே அதுலதான் இருக்கும். நாளைக்கே தேடிப் பிடிச்சுக் கொடுத்துட்டு வந்துடறேன். நீ ஒண்ணும் கவலைப்படாத."

அவள் கீழே வைக்கவில்லை. வாரைத் தோளில் மாட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், கூட்டத்துக்கு நடுவே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வந்தாள். முப்பது வருஷம் சத்தம் போடாமல் பழகிய வாய்க்கு உடனே வரவில்லை.

மாடிப்படியில் திடுதிடுவென்று சத்தம். லாரி டிரைவர், மலைத்தூசி அப்பிய சட்டையோடு, கட்டில் போல்ட்டுப் பையை ஆட்டிக்கொண்டு வந்து நின்றான். கூட்டத்தைப் பார்த்தான். அவள் கையில் இருப்பதைப் பார்த்ததும் அவன் முகமெல்லாம் பல்லாயிற்று.

"என்னக்கா, கச்சேரி ஆரம்பிக்கலையா? அண்ணன் பகல்ல தூங்கறாருன்னு ஆறு வருஷமா அதைப் பள்ளிக்கூடத்துலயே வச்சு வாசிச்சீங்க. புது வீட்டுக்கு வந்ததும் முதல்ல அவருக்குத்தான் வாசிச்சுக் காட்டணும்னு பள்ளிக்கூட வாசல்ல என் கையால கட்டவச்சு ஏத்திவிட்டீங்களே, இன்னுமா அவர் கேட்கல?"